மாணவர் பாடகர் குழுவோடு வெளிநாட்டுப் பயணம்: கோலாலம்பூர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கு வட்டாரங்களில் இடைநிலைப்பள்ளி மாணவர்களைச் சேர்த்துப் பாடகர் குழு நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளையை முதல் முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பயண விளக்கக் கூட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. எந்தப் பயணத்திலும் ஏதாவது ஒன்று தவறத்தான் செய்யும். அப்படித் தவறினாலும் பிள்ளைகள் நிம்மதியாகப் பாட வேண்டும் என்றால் நிகழ்ச்சி நிரலை நெருக்கமாகப் போடாதீர்கள். கீழே உள்ள பதில்களில் பல இதையே சொல்கின்றன.

விமானம் தாமதமானால் நிகழ்ச்சி என்ன ஆகும்?

இறங்கிய அன்றே மேடை ஏறும் திட்டம் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அழைப்பவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள்: "காலையில் இறங்குகிறீர்கள், மாலையில் சின்னதாக ஒரு நிகழ்ச்சிதானே டீச்சர்?" மரியாதையாக மறுத்துவிடுங்கள். இறங்கும் நாளுக்கும் முதல் மேடைக்கும் நடுவே ஒரு முழு நாள் சும்மா இருக்கட்டும். தாமதம், வராத பெட்டி, காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் அந்த ஒரு நாளில்தான் சரியாகும்.

நம் குழுக்கள் அதிகம் போவது ஆண்டு இறுதியில் சென்னைக்கு. மார்கழிக் கச்சேரிகளைப் பிள்ளைகள் நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும் காலம் அது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் வந்து சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று, மறுநாள் காலைதான் சேவை தொடங்கியது. ஜனவரியில் போகி. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து கண் தெரியாமல் போய், பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். போகி காலையில் சென்னையில் இறங்கும் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அந்தப் புகை பாடும் தொண்டைக்கும் ஆகாது.

தாமதத்துக்கு விமான நிறுவனம் என்ன தர வேண்டும்?

நம் நாட்டில் 2016 முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் நடப்பில் உள்ளன. தாமதம் 2 மணி நேரத்தைத் தாண்டினால் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். 5 மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு. 5 மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்தில் பயணமே வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அதற்கு நிறுவனமே காரணமாக இருந்தால், தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. புயல், எரிமலைச் சாம்பல் போன்றவற்றுக்கு அந்த இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தந்தாக வேண்டும்.

விமான நிறுவனத்தின் முகப்பில் பிள்ளைகளைக் கூட்டமாக நிறுத்தாதீர்கள். பெயர்ப் பட்டியலோடு ஒரு பெரியவர் போய்ப் பேசினால் போதும், மற்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

கடப்பிதழில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கிறது. டிக்கெட்டில் எப்படிப் போடுவது?

'ஏ/எல்' என்றால் இன்னாரின் மகன், 'ஏ/பி' என்றால் இன்னாரின் மகள். கூட்டத்தில் யாரும் முதலில் கேட்காத கேள்வி. ஆனால் பயணத்தை அதிகம் தடுமாற வைப்பது இதுதான். விமான நிறுவனங்களின் கணினி நடுவில் உள்ள சாய்கோட்டை ஏற்காது. ஒருவர் அதை எடுத்துவிட்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார், இன்னொருவர் அந்த எழுத்துகளையே விட்டுவிடுவார். நுழைவுரிமை (விசா) படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒரு வீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார்கள், இன்னொரு வீட்டில் முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் அடைப்பார்கள். ஒரே குழுவில் இப்படி நாலு விதம் வந்தால், குடிநுழைவு அதிகாரி ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நிறுத்தித்தான் விசாரிப்பார்.

ஆகவே படிவங்களைப் பெற்றோரிடம் விடாதீர்கள். ஒரு சனிக்கிழமை எல்லாக் கடப்பிதழ்களையும் வாங்கி மேசையில் வைத்து, இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிக்க மற்றவர் தட்டச்சு செய்யுங்கள். எந்த வடிவத்தில் பெயர் போகும் என்று பயண முகவரிடம் எழுத்தில் கேட்டு, எல்லாருக்கும் அதே வடிவத்தைப் பின்பற்றுங்கள். டிக்கெட் வந்ததும் மறுபடி சரிபாருங்கள். புறப்படும் நாளன்று முகப்பில் பெயரைத் திருத்துவது கடினம், பணமும் போகும்.

இன்னொன்று. வெளிநாட்டு முகப்புகளில் பிள்ளையை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். "கணேசன், கணேசன்" என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும்; கணேசன் மகள் அது தனக்கில்லை என்று பக்கத்தில் கதை பேசிக்கொண்டிருப்பாள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடப்பிதழ், நுழைவுரிமை பற்றி வேறென்ன கவனிக்க வேண்டும்?

கடப்பிதழ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். நம் கடப்பிதழ் 5 ஆண்டில் முடியும் என்பதால், பிள்ளை பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும்போது எடுத்தது படிவம் ஐந்தில் காலாவதிக்கு வந்து நிற்கும்.

சிங்கப்பூருக்கு, வந்திறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் மின்வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையத்தளம் அரசாங்கத்தளம் இல்லை. பிரிட்டனுக்கு மலேசியர்கள் 2025 ஜனவரி முதல் மின்பயண அனுமதி எடுக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை நுழைவுரிமை வேண்டியதில்லை. ஆனால் 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 12 வயதுக்குக் கீழ் விரல்ரேகை இல்லை. பெரிய குழுவுக்கு இந்த வரிசை நீளும், அடுத்த விமானத்தைப் பிடிக்க நேரம் கூட்டி வையுங்கள்.

மேடையில் பாடப் போகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். சுற்றுலா நுழைவுரிமையில் மேடை ஏறலாமா என்பதை அந்தந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்டு, அழைப்பாளரின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயரில் போனால் கல்வி இலாகாவின் அனுமதியும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள்.

விமான நிலையத்தில் எந்த முனையம்?

பெற்றோர் பிள்ளையைத் தவறான முனையத்தில் இறக்கிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் முதல் முனையமும், 2014-இல் திறந்த இரண்டாம் முனையமும் தனித்தனிக் கட்டடங்கள். நடந்து போக முடியாது. நடுவே ஓடும் ரயிலில் சில நிமிடப் பயணம். எங்கள் வழக்கம், எல்லாரும் கேஎல் சென்ட்ரலில் கூடி ஒன்றாக ரயில் ஏறுவது. முதல் முனையத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம், இரண்டாவதற்கு 33.

பெட்டி வராவிட்டால், அதில் மேடை உடை இருந்தால்?

ஒரு பயணத்தில் ஆண் பிள்ளைகளின் வேட்டி சட்டை எல்லாவற்றையும், மடிப்புக் கலையக்கூடாது என்று, ஒரே பெரிய பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். சென்னையில் இறங்கியபோது மற்றதெல்லாம் வந்தது, அந்தப் பெட்டி மட்டும் வரவில்லை. பெட்டிகள் வரும் பட்டை சுழன்று நின்றுவிட்டது. படிவம் மூன்று பையன் ஒருவன் பட்டையின் ரப்பர் திரையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா அந்தச் சட்டைக்குக் கையால் கரை தைத்துக் கொடுத்திருந்தார். மறுநாள் இரவு பெட்டி விடுதிக்கு வந்தது, நிகழ்ச்சி அதற்கு அடுத்த நாள். நடுவில் அந்தக் காலி நாள் இல்லாதிருந்தால் பையன்கள் பயணச் சட்டையோடு மேடை ஏறியிருப்பார்கள்.

அதிலிருந்து எங்கள் முறை இது: மேடை உடையை அவரவர் கைப்பையில் அவரவர் சுமக்க வேண்டும். சுருட்டி வைத்தால் கைப்பைக்கான 7 கிலோவுக்குள் அடங்கும். பொதுப் பொருள்களைப் பிரித்துப் போடுங்கள், ஒரே வகைப் பொருள் ஒரே பெட்டியில் போகவே கூடாது. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் அதன் ஒட்டுச்சீட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் சுங்கத்தைத் தாண்டி வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள பெட்டி முகப்பில் புகார்ப் படிவம் எழுதி, எண்ணை வாங்குங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் மலேசியாவும் இந்தியாவும் உள்ளன. அதன்படி உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்ததற்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கொள்ளலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர், அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. இடையில் வாங்கிய உள்ளாடை, பல்துலக்கி வரை எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

கீபோர்டு, ஆர்மோனியம், மின்சுருதிப் பெட்டி?

கூடுமானவரை கொண்டு போகாதீர்கள், அழைப்பாளரிடம் கேட்டுப் பெறுங்கள். கொண்டு போனால் மின்முனையைக் கவனியுங்கள். நம்முடைய மூன்று சதுரக்கால் செருகி சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் பொருந்தும். இந்தியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் வேறு வேறு.

அதைவிட முக்கியம், பின்னணி இசையை நம்பி முழு நிகழ்ச்சியையும் அமைக்காதீர்கள். பென்டிரைவ் திறக்காது, ஒலிபெருக்கி கரகரக்கும், மின்சாரம் போகும். நிரலில் பாதியாவது வெறும் சுருதியில், காகிதம் இல்லாமல், ஒலிவாங்கி இல்லாமல் பாடக்கூடிய பாடல்களாக இருக்கட்டும். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களை வைத்து வளர்த்த சேர்ந்திசை மரபு நம் கண்முன்னே இருக்கிறது. பல குரல்கள் ஒன்றாக எழும்பும்போது கிடைக்கும் கனத்தை எந்தக் கரோக்கேயும் தராது. எந்தச் சுருதியில் தொடங்குவது என்பதைக் கைப்பேசி இல்லாமல் பிடிக்கக்கூடிய இருவர் குழுவில் இருக்க வேண்டும்.

பவர்பேங்க்?

கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் உள்ளது ஏறக்குறைய 74 வாட்-மணி. விமானத்துக்குள் அதில் மின்னேற்றுவதைப் பல நிறுவனங்கள் இப்போது தடை செய்துள்ளன.

நிகழ்ச்சிக்கு முன் பிள்ளைக்குக் குரல் கட்டிக்கொண்டால்?

பெற்றோர் குளிர்ந்த தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை பிள்ளைகளின் குரலைக் கெடுப்பது பேருந்து. மூன்று மணி நேரம் அந்தாக்ஷரி, நடுநடுவே கூச்சல், மேலே குளிர்சாதனக் காற்று. அதற்கு முன் விமானம். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும், கோலாலம்பூர்க் காற்றில் வளர்ந்த தொண்டைக்கு அது பாலைவனம். இரவில் விடுதி அறையில் பேச்சு. மறுநாள் காலையில் குரல் வராது.

மேடை நாளில் பேருந்தில் யாரும் பாட வேண்டாம், அடிக்குரலில் பேசட்டும். ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்ப்புட்டி இருக்கட்டும். முந்தைய இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும். இந்த நேரத்தைக் காப்பாற்ற ஒரு சுற்றிப்பார்க்கும் இடத்தை வெட்ட நேர்ந்தால் வெட்டிவிடுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

குரல் கட்டிய பிள்ளை கிசுகிசுக்கக் கூடாது, அதுவும் குரல்நாணுக்குச் சுமைதான். பேசாமல் இருக்கட்டும், ஆவி பிடிக்கட்டும். ஆனால் விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ச்சல் இல்லை என்றால் அவள் இடத்தில் அவளே நிற்கட்டும், வாயசைக்கட்டும். மாதக்கணக்கில் பயிற்சிக்கு வந்த பிள்ளை அவள். தனிக்குரல் பகுதிக்கு எப்போதும் இரண்டு பேரைத் தயார் செய்துவையுங்கள். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரம் ஆகியும் கரகரப்பு நீங்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இருமல் மருந்து கொடுத்தனுப்பும் பெற்றோர் புட்டியைப் படிக்க வேண்டும். கோடீன் கலந்த மருந்துக்குச் சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துக்கு மருத்துவர் கடிதம் அவசியம்.

மேடையில் மயங்கி விழுந்தால்?

முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு, வெறும் வயிற்றில், விளக்குச் சூட்டில் நெடுநேரம் நின்றால் இரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். முழங்காலைத் தளர்த்தி நிற்கப் பழக்குங்கள், கண்டிப்பாகப் பசியாறிவிட்டு வரச் செய்யுங்கள். தலை சுற்றும்போதே உட்கார்ந்துவிட அனுமதி உண்டு என்று முன்பே சொல்லுங்கள். வெட்கத்தில் நின்று படிமேடையிலிருந்து விழுவதுதான் ஆபத்து.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

தலையை எண்ணுவதில் தவறு வரும். எங்கள் குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பயணம் முழுவதற்கும் ஓர் எண். சோப்ரானோவில் தொடங்கி ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரல் வரிசையில் எண்கள் போகும். பேருந்து நகரும் முன் "ஒன்று" என்று தொடங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும், யார் இல்லை என்பது அந்த இடைவெளியிலேயே தெரியும். பக்கத்தில் இருப்பவர் அவருக்காகச் சொல்லக் கூடாது. கடைசி எண் வரும்வரை கதவு மூடக் கூடாது.

தொலைந்த பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். விடுதியின் பெயரும் முகவரியும் அந்நாட்டு எழுத்தில் அச்சிட்ட அட்டை கழுத்தில் இருக்கட்டும், ஏனென்றால் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிடும். தேட ஒருவர் போனால் போதும். அவசர எண் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 112, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995.

கடப்பிதழ் தொலைந்தால்?

உள்ளூர்க் காவல்நிலையத்தில் புகார் செய்து, அந்தப் பிரதியோடு மலேசியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். சென்னையிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது. ஊர் திரும்ப அவசரப் பயணச் சான்று கொடுப்பார்கள். கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ் நகல்களும் படமும் தலைமை ஆசிரியரிடம் ஒரு கட்டு, கோலாலம்பூரில் ஒரு கட்டு இருக்க வேண்டும். வாரக் கடைசி என்றால் தூதரகம் மூடியிருக்கும், ஓர் ஆசிரியர் அந்தப் பிள்ளையோடு பின்தங்க வேண்டி வரும். அதனால்தான் குழுவோடு போகும் பெரியவர்களில் ஒருவரையாவது கூடுதலாக அழைத்துப் போகச் சொல்கிறேன்.

பாட்டி செய்த முறுக்கும் ஊறுகாயும் கொண்டு போகலாமா?

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் முறுக்கால் பெரிய சிக்கல் வராது. ஆஸ்திரேலியாவில் உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமை. உணவு எதுவாக இருந்தாலும் வருகை அட்டையில் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். பிள்ளையின் பையில் பாட்டி கடைசி நிமிடம் செருகிய பொட்டலத்துக்கும் பிள்ளைதான் பொறுப்பு. விமானத்தில் சைவ உணவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். பட்டியலில் 'ஏவிஎம்எல்' (இந்திய வகைச் சைவ உணவின் குறியீடு) என்று இருக்கிறதா பாருங்கள்.

எங்களுக்கு ஏன் உடனுக்குடன் தகவல் வருவதில்லை?

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் விமான நிலையத்தில் பெட்டி தேடும் ஆசிரியருக்கு நாற்பது வீட்டிலிருந்து வாட்ஸ்அப் வந்தால் அவர் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. பெற்றோரில் ஒருவர் கோலாலம்பூரில் தொடர்பாளராக இருப்பார். நாங்கள் அவரிடம் மட்டும் சொல்வோம், அவர் எல்லாருக்கும் சொல்வார். காலையில் ஒரு செய்தி, இரவில் ஒரு செய்தி. உங்கள் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் நேராக உங்களைக் கூப்பிடுவோம். அதுவும் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே.

இதையெல்லாம் பிள்ளைகள் எப்போது பழகுவது?

வெளிநாட்டுக்கு முன் ஓர் இரவு பினாங்குக்கு அழைத்துப் போங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், பிறகு படகு, ஜார்ஜ்டவுனில் ஒரு சிறு நிகழ்ச்சி. யாருக்குப் பயணத்தில் வாந்தி வரும், யார் செருப்பை மறந்து வருவார், எந்த அறை இரவு தூங்காது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பெட்டி எல்லாம் கையிலேயே, எண் சொல்லும் பழக்கம் படகுத்துறையிலேயே. அங்கே ஒரு பாடலை ஒலிவாங்கி இல்லாமல், தெருவோரத்தில் பாட வையுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு?

போர்டிங் அட்டைகளையும் பெட்டி ஒட்டுச்சீட்டுகளையும் வீசாதீர்கள், காப்புறுதிக்கும் இழப்பீட்டுக்கும் அவைதான் சான்று. புகார் இருந்தால் முதல் வாரத்திலேயே எழுதி அனுப்புங்கள். பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தின இரவு வந்திறங்கும் டிக்கெட்டை எடுக்காதீர்கள். பிள்ளைக்கு வீட்டில் ஒரு நாள் தூங்கக் கிடைக்க வேண்டும்.